வண்டிக் காப்பீடு: தவறு பார்க்கும் சட்டமும் தவறு பாராத சட்டமும்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் கார் காப்பீடு பற்றி எழுதிய கடிதங்கள் சில மாதங்களில் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. மாநில எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது, சட்டம் மாறினால் பிரீமியம் மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று மட்டும் எவரும் சொல்வதில்லை என்பதே பெரும்பாலான கடிதங்களின் குறை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். போலீஸ் அறிக்கையிலும் தவறு அவருடையது என்றே இருக்கிறது. ஆனால் என் கழுத்து வலிக்கான சிகிச்சைச் செலவும் காரைச் சரிசெய்யும் செலவும் என் காப்பீட்டிலிருந்தே போகும் என்கிறார்கள். டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுப்பதற்கு முன் நம் கையிலிருந்து போகும் பங்கு, 1,000 டாலரையும் நானே கட்ட வேண்டுமாம். 'நோ-ஃபால்ட்' என்றால் யார்மீதும் தவறில்லை என்று பொருளா? (வாசகி, மிச்சிகன்)

பதில்: பெயர்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். அதை 'யார்மீதும் தவறில்லை' என்று படிக்காமல், 'யார் தவறு என்று விசாரித்து முடியும்வரை காத்திராமல்' என்று படித்தால் விஷயம் தெளிவாகும். விபத்தில் காயம்பட்டவருக்கு அவரவர் காப்பீட்டு நிறுவனமே மருத்துவச் செலவையும் இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியையும் கொடுத்துவிடும். அதற்கு ஈடாக, காயம் சட்டம் சொல்லும் அளவுக்குக் கடுமையாக இருந்தாலொழிய, தாம் பட்ட வலிக்கும் வேதனைக்கும் ஈடு கேட்டு இடித்தவர்மீது வழக்குப் போடும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கிறார். பாலிசியில் பி.ஐ.பி. என்று மூன்றெழுத்தில் குறிக்கப்பட்டிருப்பது இந்தக் காப்புத்தான். புளோரிடா, ஹவாய், கான்சஸ், கென்டக்கி, மாசசூசெட்ஸ், மிச்சிகன், மின்னசோட்டா, நியூ ஜெர்சி, நியூ யார்க், வட டகோட்டா, பென்சில்வேனியா, யூட்டா ஆகிய 12 மாநிலங்களில் இம்முறை நடப்பில் உள்ளது. இவற்றில் கென்டக்கி, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மூன்றிலும் வழக்குரிமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதைக் காப்பீடு வாங்குபவரே தீர்மானிக்கலாம். மற்ற மாநிலங்களில் பழைய முறைதான். தவறு செய்தவரின் நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டும்.

பொதுவாக நோ-ஃபால்ட் என்பது உடல் காயத்துக்குத்தான் பொருந்தும். கார் சேதம் அந்த மாநிலங்களிலும் தவறு செய்தவர் கணக்கிலேயே போகும். மிச்சிகன் இதில் தனி வழியில் செல்கிறது. அங்கே கார் சேதத்துக்கும் அவரவர் பாலிசிதான். ஆயினும் உங்கள் 1,000 டாலர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 'மினி டார்ட்' என்று ஒரு சிறு வாசலைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் பங்குத் தவறு 50 சதவீதத்துக்கு மேல் இல்லாதபட்சத்தில், உங்கள் காப்பீடு ஈடுசெய்யாத சேதத்தை 3,000 டாலர்வரை இடித்தவரிடமிருந்து கோரலாம். 2020 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 1,000 டாலராக இருந்தது. டிடக்டிபிள் இதற்குள் அடங்கும். போலீஸ் அறிக்கையின் நகல், பழுதுபார்த்த ரசீது, உங்கள் பாலிசியின் முதல் பக்கம் மூன்றையும் வைத்து அவருடைய நிறுவனத்துக்கு எழுதுங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது மோதல் காப்பில் (மோதலில் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பு) 'பிராட்' வகையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பகுதித் தவறு உங்களுடையதாக இல்லாவிட்டால் அதில் டிடக்டிபிளே கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: ஒஹையோ மாநிலம் டொலீடோவிலிருந்து டெட்ராய்ட் பக்கம் மாற்றலாகி வந்திருக்கிறோம். காரில் ஒரு மணி நேரத் தூரம்தான். அதே கார், அதே ஓட்டுநர்கள், விபத்து எதுவும் இல்லை. ஆனால் பிரீமியத்தைப் பார்த்ததும் முகவர் ஏதோ தவறாகத் தட்டச்சு செய்துவிட்டார் என்றே நினைத்தோம். இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? (வாசகர், மிச்சிகன்)

பதில்: நீங்கள் தவறு பார்க்கும் மாநிலத்திலிருந்து, தவறு பாராத மாநிலங்களிலேயே மிகவும் தாராளமான ஒன்றுக்கு வந்திருக்கிறீர்கள். ஒஹையோவில் கட்டாயமாக வாங்க வேண்டியது பிறருக்கு நீங்கள் விளைவிக்கும் காயத்துக்கும் சேதத்துக்குமான பொறுப்புக் காப்பு மட்டும். உங்களுக்கே அடிபட்டால் உங்கள் உடல்நலக் காப்பீடு பார்த்துக்கொள்ளும், அல்லது இடித்தவரிடம் கேட்பீர்கள். மிச்சிகனில் 1973 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, விபத்தில் காயம்பட்டவருக்கு ஆயுள் முழுவதும் வரம்பே இல்லாத மருத்துவச் செலவை வழங்கியது. மருத்துவமனைக் கட்டணம் மட்டுமல்ல. சக்கர நாற்காலிக்கு ஏற்ப வீட்டை மாற்றியமைப்பதும், படுக்கையில் கிடப்பவரை வீட்டிலேயே கவனித்துக்கொள்வதும் அதில் அடங்கும். 2019வரை இதை விடாமல் கொடுத்துவந்த மாநிலம் வேறு எதுவும் இல்லை.

தாராளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் கட்டணப் பட்டியல் இல்லாததுதான் குறை. ஒரே ஸ்கேனுக்கு முதியோருக்கான அரசின் மெடிகேர் திட்டத்திடம் ஒரு தொகையும் கார் காப்பீட்டு நிறுவனத்திடம் அதைப்போல் பல மடங்கும் மருத்துவமனை கேட்க முடிந்தது; கேட்டது. பெருங்காயங்களின் செலவை எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ள 1978இல் ஒரு பொது நிதி அமைப்பு ஏற்படுத்தப்பட்டு, அதற்கு ஒவ்வொரு காருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை வசூலிக்கப்பட்டது. 2019 ஜூலையில் அது காருக்கு 220 டாலர். ஒருவர் காரை வெளியே எடுப்பதற்கு முன்பே, வேறு எவருக்கோ ஏற்பட்ட தண்டுவடக் காயத்துக்கு அவர் கட்டும் பங்கு இது.

2019 மே மாதம் கையெழுத்தான சீர்திருத்தச் சட்டத்தின்படி, 2020 ஜூலை 2 முதல் மருத்துவக் காப்பின் அளவைத் தேர்ந்தெடுக்கலாம்: வரம்பின்றி, 5 லட்சம் டாலர், 2.5 லட்சம் டாலர், குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிகெய்ட் பெறுபவர்களுக்கு 50,000 டாலர் என்று படிகள் உள்ளன. மெடிகேரின் ஏ, பி ஆகிய இரு பகுதிகளும் உள்ளவர்கள் இக்காப்பை முற்றிலும் விலக்கிக்கொள்ளவும் முடியும். பிரீமியத்தின் இந்தப் பகுதியை வரம்பில்லாதவர்களுக்குச் சராசரியாக 10 சதவீதமும், 5 லட்சத்துக்கு 20 சதவீதமும், 2.5 லட்சத்துக்கு 35 சதவீதமும், 50,000 டாலருக்கு 45 சதவீதமும் குறைக்க வேண்டும் என்று சட்டம் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. 2021 ஜூலை முதல் மருத்துவக் கட்டணங்களுக்கும் மெடிகேரை அடிப்படையாகக் கொண்ட உச்சவரம்பு வந்தது. பொது நிதியில் சேர்ந்திருந்த உபரியிலிருந்து 2022இல் காருக்கு 400 டாலர் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இதன் மறுபக்கத்தை முகவர்கள் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் 2.5 லட்சம் என்று தேர்ந்தெடுத்து, உங்களால் காயம்பட்டவரும் அப்படியே தேர்ந்தெடுத்திருந்தால், அந்தத் தொகை தீர்ந்தபின் மிச்சச் செலவுக்கு அவர் உங்கள்மீது வழக்குப் போடலாம். வரம்பில்லாக் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. இதனால்தான் அதே சட்டம் பொறுப்புக் காப்பின் இயல்பான அளவை, ஒருவருக்கு 2.5 லட்சம், ஒரு விபத்துக்கு 5 லட்சம் டாலர் என்று உயர்த்தியது. எழுதிக் கொடுத்தால் 50,000, 1 லட்சம் என்று குறைத்துக்கொள்ளலாம். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு வரியில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி அடுத்த வரியில் செலவாகிறது என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே பார்க்கலாம். மற்றொன்று, கட்டண உச்சவரம்பு வந்தபின் வீட்டுப் பராமரிப்புச் சேவைகள் பல நலிந்தன. பழைய நோயாளிகள் நீதிமன்றம் சென்றார்கள். சட்டம் கையெழுத்தாகும் முன் காயம்பட்டவர்களுக்கு இந்த வரம்புகள் பொருந்தா என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது. உங்களுக்குப் பொருந்தப்போவது புதிய சட்டம்தான். அலுவலக உடல்நலக் காப்பீடு கார் விபத்துக் காயங்களை விலக்கியிருக்கிறதா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே படியைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: தவறு யாருடையது என்ற சண்டை இல்லையென்றால் வழக்கறிஞர் செலவு இல்லை, அது இல்லையென்றால் பிரீமியம் குறைய வேண்டும். இது எளிய கணக்குத்தானே? பிறகு ஏன் நோ-ஃபால்ட் மாநிலங்கள் பலவற்றில் அதிகமாக இருக்கிறது? (வாசகர், நியூ யார்க்)

பதில்: இந்தக் கணக்கைப் போட்டவர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ராபர்ட் கீட்டன், ஜெஃப்ரி ஓ'கானல் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் 1965இல் முன்வைத்த திட்டமே அமெரிக்க நோ-ஃபால்ட் சட்டங்களுக்கு வித்து. மாசசூசெட்ஸ் 1971 ஜனவரியில் முதலில் நடைமுறைப்படுத்தியது. அந்தப் பத்தாண்டிலேயே பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சில விலகின.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒருவருக்குக் கழுத்துத் தசைப்பிடிப்பு. சிகிச்சை 6,000 டாலர், சம்பள இழப்பு 2,000 டாலர். தவறு பார்க்கும் மாநிலத்தில் வழக்கறிஞர் வைத்து 20,000 டாலருக்குச் சமரசம் ஆகிறது என்று கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு கட்டணமாக 6,666 டாலர் வழக்கறிஞருக்குப் போகிறது. 6,000 டாலரை மருத்துவச் செலவு செய்த உடல்நலக் காப்பீடு திரும்பக் கேட்கிறது. சம்பளத்துக்கு 2,000 கழித்தால் அவர் பட்ட வேதனைக்குக் கையில் நிற்பது 5,334 டாலர். எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கோ 20,000 டாலரோடு தன் வழக்கறிஞர் செலவும் சேர்கிறது. நோ-ஃபால்ட் மாநிலத்தில் 8,000 டாலரைச் சில வாரங்களில் கொடுத்துக் கோப்பை மூடிவிடலாம். இதுவரை நீங்கள் சொல்வதுதான் சரி.

ஆனால் இம்முறையில் பணம் பெறுபவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. விபத்துக்குக் காரணமானவருக்கும், யாரும் இடிக்காமல் தானே மரத்தில் மோதியவருக்கும் இதே 8,000 டாலர் உண்டு. பழைய முறையில் அவர்களுக்குக் கார் காப்பீட்டுப் பொறுப்பில் ஒரு காசும் இல்லை. அடுத்து, மருத்துவமனை. உடல்நலக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தைப் பேரம் பேசிக் குறைத்து, எத்தனை முறை சிகிச்சை என்று கணக்குப் பார்த்துக் கட்டுபவை; கார் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அந்த வலு பல மாநிலங்களில் இல்லை. ஆகவே கற்பனைக் கணக்கில் 6,000 டாலராக இருந்த சிகிச்சை நடப்பில் 10,000, 15,000 என்று வளர இடம் உண்டு. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2010இல் வெளியிட்ட விரிவான ஆய்வும், நோ-ஃபால்ட் மாநிலங்களின் செலவு ஏறியதற்கு மருத்துவச் செலவே தலையாய காரணம் என்றுதான் கூறியது.

மூன்றாவதாக, வழக்குக்கு முன்னே கட்டிய சுவரின் உயரம். சில மாநிலங்கள் அதை டாலரில் கட்டின. மாசசூசெட்ஸில் மருத்துவச் செலவு 2,000 டாலரைத் தாண்டினால் வழக்குப் போடலாம்; கென்டக்கியில் 1,000 டாலர் போதும். இன்றைய விலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு முறை போய் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தாலே சுவர் தாண்டியாயிற்று. இதைவிடக் கேடு, சுவரைத் தாண்டுவதற்காகவே தேவையற்ற சிகிச்சை எடுக்கும் ஆசையை அது தூண்டுகிறது. கோரிக்கைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், வரம்பைச் சில டாலர்கள் மட்டும் தாண்டி நிற்கும் பில்களைப் பார்த்து நான் வியப்பதை நிறுத்திவிட்டேன். உங்கள் நியூ யார்க் உட்பட வேறு சில மாநிலங்கள் சுவரைச் சொல்லில் கட்டியுள்ளன: எலும்பு முறிவு, நிரந்தர ஊனம், விபத்துக்குப் பிந்தைய 180 நாட்களில் 90 நாட்களாவது அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமை என்பது போன்ற வரையறைகள். இது உறுதியானது, ஆனாலும் காயம் அந்த வரையறைக்குள் வருகிறதா இல்லையா என்பதே ஒரு தனி வழக்காகிவிடுகிறது. ஆக, நுகர்வோர் தம் காயத்துக்கான காப்புக்கும் பணம் கட்டுகிறார், வழக்குக்கான பொறுப்புக் காப்புக்கும் பணம் கட்டுகிறார். சுவர் தாழ்வாக இருக்கும் இடத்தில் இரண்டு முறைகளின் செலவும் ஒரே பில்லில் வந்து விழுகிறது.

அப்படியானால் நோ-ஃபால்ட்டை நீக்கிவிட்டால் போதுமா என்றால், கொலராடோவைப் பாருங்கள். 2003 ஜூலை 1 அன்று அங்கே அச்சட்டம் காலாவதியாக விடப்பட்டது. கார் பிரீமியம் குறைந்தது உண்மை. ஆனால் அடிபட்டவரின் சிகிச்சைச் செலவு காற்றில் கரைந்துவிடாது. அது உடல்நலக் காப்பீட்டுக்கும், காப்பீடே இல்லாதவர்களை ஏற்ற மருத்துவமனைகளுக்கும் நகர்ந்தது. 2009 முதல், எழுத்தில் மறுத்தாலொழிய ஒவ்வொரு கார் பாலிசியிலும் 5,000 டாலர் மருத்துவக் காப்பு இருக்க வேண்டும் என்று அம்மாநிலமே மீண்டும் சட்டம் போட்டது. கார் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டு எந்த முறை மலிவு என்று தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அலுவலக உடல்நலக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் தொகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது 'வழக்குரிமைக்கு வரம்பு' என்ற கட்டத்தில் முகவர் டிக் அடித்துக் கொடுத்தார். பிரீமியம் கணிசமாகக் குறைந்தது. உடல்நலக் காப்பீட்டை முதன்மையாக்கினால் இன்னும் குறையும் என்கிறார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இதில் எதை இழக்கிறோம்? (தம்பதியர், நியூ ஜெர்சி)

பதில்: அந்தக் கட்டம் உங்கள் இருவரையும் மட்டுமல்ல, உங்களோடு வசிக்கும் பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். உங்கள் மகள் தோழியின் காரில் போகும்போது வேறொருவர் இடித்தாலும், வேதனைக்கான ஈடு கேட்க உங்கள் பாலிசியில் உள்ள டிக்தான் குறுக்கே நிற்கும். வரம்பை ஏற்றுக்கொண்டவர் வழக்குப் போடக்கூடிய காயங்கள் ஆறு வகை: மரணம், உறுப்பு இழப்பு, குறிப்பிடத்தக்க உருச்சிதைவு அல்லது தழும்பு, இடம்பெயர்ந்த எலும்பு முறிவு, கருச்சிதைவு, மருத்துவர் சான்றளிக்கும் நிரந்தரக் காயம். எலும்பு முறிந்தும் இடம்பெயராமல் நின்றுவிட்டால், அந்த முறிவு பட்டியலில் இல்லை. ஆறு மாதம் தூங்கவிடாமல் வருத்திப் பிறகு குணமாகிவிட்ட முதுகு வலியும் இல்லை. மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் இதனால் பாதிக்கப்படமாட்டா. போவது வேதனைக்கான ஈடு மட்டுமே.

இந்த விலைக்கு அந்த உரிமையை விற்கலாமா என்பது அவரவர் நிதி நிலையைப் பொறுத்தது. ஓர் ஆண்டு பிரீமியச் சேமிப்பைத் தாளில் எழுதிப் பாருங்கள். மோதல் காப்பின் டிடக்டிபிளை உயர்த்துவதால் கிடைக்கும் சேமிப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். கையில் சிறிது சேமிப்பு உள்ள குடும்பமாக இருந்தால், பம்பர் உடைந்தால் நாமே செலவழித்துக்கொள்ளலாம் என்று டிடக்டிபிளை உயர்த்தி, வழக்குரிமையை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. மிகவும் நெருக்கடியான பட்ஜெட் என்றால் டிக் அடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தெரிந்து அடியுங்கள்.

பி.ஐ.பி. காப்பை இயல்பான 2.5 லட்சம் டாலரிலிருந்து 15,000 டாலர்வரை குறைக்க நியூ ஜெர்சி அனுமதிக்கிறது. மூளை, தண்டுவடம் போன்ற கடுமையான நிரந்தரக் காயங்களுக்கு எந்த அளவைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் 2.5 லட்சம்வரை கிடைக்கும். ஆயினும் நடுத்தரமான ஒரு முழங்கால் அறுவை சிகிச்சை 15,000 டாலரை விழுங்கிவிடும். உடல்நலக் காப்பீட்டை முதன்மையாக்குவது, அதாவது விபத்துச் சிகிச்சைக்கு முதலில் அதையே பணம் கொடுக்க வைப்பது பற்றி: வேலையோடு ஒட்டிய காப்பீடு வேலையோடு போய்விடும். விசாவில் இருப்பவர்கள் இதை இரட்டிப்பாக யோசிக்க வேண்டும். மெடிகேர், மெடிகெய்ட் உள்ளவர்களுக்கு இந்த வழியே இல்லை.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் என் காரில் பயணம் செய்தபோது விபத்து. தோள்பட்டையில் வலி இருந்தும், பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று தைலம் தேய்த்துக்கொண்டு சொல்லாமலே இருந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து மருத்துவரிடம் போனால் என் பி.ஐ.பி. கிடைக்காது என்கிறார்கள். (வாசகர், புளோரிடா)

பதில்: வருந்தத்தக்கது, ஆனால் அவர்கள் சொல்வது சட்டம்தான். புளோரிடாவில் விபத்து நடந்த 14 நாட்களுக்குள் முதல் சிகிச்சை தொடங்கியிருந்தால் மட்டுமே பி.ஐ.பி. உண்டு. தொடங்கியிருந்தால் உங்கள் காரில் பயணித்தவர் என்ற முறையில் உங்கள் தாயாருக்கு மருத்துவச் செலவில் 80 சதவீதம், மொத்தம் 10,000 டாலர்வரை கிடைத்திருக்கும். அவசர மருத்துவ நிலை என்று சான்று இல்லையென்றால் 2,500 டாலரோடு நின்றிருக்கும். அவர் எடுத்துவந்த பயண மருத்துவக் காப்பீடு இருந்தால் அதில் உடனே கோருங்கள். இடித்தவரிடம் கேட்க வழியுண்டா என்பதற்கு வழக்கறிஞர் ஒருவரை ஒரு முறையாவது பாருங்கள்.

வயதானவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள் என்பது சட்டமியற்றியவர்களின் மனத்தில் இருந்திருக்காது. அவர்கள் மனத்தில் இருந்தவை வேண்டுமென்றே நடத்தப்பட்ட விபத்துகளும், அவற்றுக்குப் பில் போடுவதற்கென்றே முளைத்த கிளினிக்குகளும். அந்த மோசடி எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறியதால் 2012இல் சட்டம் திருத்தப்பட்டு, 2013 முதல் 14 நாள் விதி வந்தது. புளோரிடாவின் மற்றொரு விந்தை: பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு அங்கே பிறர் காயத்துக்கான பொறுப்புக் காப்பு கட்டாயமில்லை, பி.ஐ.பி. 10,000, சொத்துச் சேதம் 10,000 என்பதோடு வண்டியைப் பதிவு செய்துவிடலாம். நோ-ஃபால்ட்டை நீக்கிப் பொறுப்புக் காப்பைக் கட்டாயமாக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது; பிரீமியம் ஏறக்கூடும் என்று கூறி ஆளுநர் அதை நிராகரித்தார். ஆகவே காப்பில்லாத ஓட்டுநரால் ஏற்படும் காயத்துக்கான காப்பை நீங்களே உங்கள் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். புளோரிடாவில் நான் விட்டுவிடச் சொல்லாத ஒரே கூடுதல் காப்பு அதுதான்.

கேள்வி: எதிரே வந்தவர் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து இடித்தார். நான் சற்று வேகமாகப் போனதால் எனக்கும் 10 சதவீதத் தவறு என்று சொல்லி ஒரு டாலரும் தர மறுக்கிறார்கள். 90 சதவீதமாவது தர வேண்டாமா? (வாசகர், வட கரோலினா)

பதில்: கலிஃபோர்னியாவாக இருந்தால் 90 சதவீதம் கிடைத்திருக்கும். வட கரோலினா, வர்ஜீனியா, மேரிலாந்து, அலபாமா ஆகிய நான்கு மாநிலங்களில், அடிபட்டவர்மீது சிறிதளவு தவறு இருந்தாலும் ஈடு முழுவதும் மறுக்கப்படலாம் என்ற பழைய விதி இன்னும் உள்ளது. தவறு பார்க்கும் முறையின் மிகக் கடுமையான வடிவம் இது. அவர்கள் சொல்லும் 10 சதவீதத்துக்கு என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். வேகத்தை எப்படிக் கணித்தார்கள் என்று விளக்க வேண்டியவர்கள் அவர்கள். இதற்கிடையில், மோதல் காப்பு வைத்திருந்தால் காரை உங்கள் பாலிசியில் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் தங்கை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறாள். நோ-ஃபால்ட் வந்தபின் அங்கே கட்டணம் குறைந்ததாம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? (வாசகி, வாஷிங்டன்)

பதில்: அவர்கள் சுவரை முழுவதுமாக எழுப்பினார்கள். 2021 மே 1 முதல் அங்கே விபத்துக் காயத்துக்காக வழக்குப் போடுவது, குற்றவியல் தண்டனை பெற்ற ஓட்டுநர்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக ஆயுட்காலப் பராமரிப்பு உயர்த்தப்பட்டது. பிரீமியம் சராசரியாக 20 சதவீதம் குறையும் என்று அறிவித்தே அதைக் கொண்டுவந்தார்கள். அடிப்படைக் காப்பீட்டை விற்பது ஒரே அரசு நிறுவனம். மருத்துவமனைச் செலவை ஏற்பதும் பொதுச் சுகாதாரத் திட்டம். கியூபெக் 1978லேயே இதைச் செய்துவிட்டது. அமெரிக்க மாநிலங்களோ வழக்கின் கதவைப் பாதி திறந்து வைத்து, மருத்துவக் கட்டணத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தாமல், அதே பெயரைச் சூட்டிக்கொண்டன. தங்கை தரப்பிலும் இழப்பு உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்: நிறுவனம் தரும் சிகிச்சை போதவில்லை என்றால், அவர் முறையிட வேண்டியது நடுவர் மன்றத்தை, இடித்தவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அந்த உரிமைக்கு நீங்கள் எவ்வளவு பிரீமியம் கட்டத் தயார் என்பதில்தான் அக்கா தங்கைக்குள்ளேயே கருத்து வேறுபடும்.

கேள்வி: நோ-ஃபால்ட் மாநிலத்தில் இருந்தும், இடப்பக்கம் திரும்பும்போது நடந்த ஒரு விபத்துக்காக என் பிரீமியத்தை உயர்த்தியிருக்கிறார்கள். தவறு பாராத சட்டத்தில் என் தவறை எப்படிப் பார்த்தார்கள்? (வாசகர், மாசசூசெட்ஸ்)

பதில்: காயத்துக்குப் பணம் கொடுக்கும்போதுதான் பார்ப்பதில்லை, பிரீமியம் போடும்போது நன்றாகவே பார்ப்பார்கள். உங்கள் மாநிலத்தில் 50 சதவீதத்துக்கு மேல் தவறு என்று நிறுவனம் முடிவு செய்தால் கூடுதல் கட்டணம் விதிக்கலாம். எதிரே வரும் வண்டியின் குறுக்கே இடப்பக்கம் திரும்பி மோதினால் திரும்பியவர்மீதே தவறு என்று அங்குள்ள விதிகள் முன்கூட்டியே கொள்கின்றன. ஆனால் அது மறுக்கக்கூடிய அனுமானம்தான். எதிரே வந்தவர் சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்பதற்குச் சாட்சியோ டாஷ்கேம் பதிவோ இருந்தால், கூடுதல் கட்டண அறிவிப்பு வந்த 30 நாட்களுக்குள் 50 டாலர் கட்டணத்துடன் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் அறிவிப்பில் உள்ள தேதியைக் கடிதத்தில் எழுதவில்லை. இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தனிக் கடிதமும் அனுப்பியிருக்கிறேன்.